மதகு திறந்த நாள்

பருத்திப்பட்டு ஏரி நிரம்பி மதகைத் திறந்துவிட்டால், எங்கள் லைன் வீடுகளில் பாதி ஆண்களுக்கு அன்றைக்கு உடம்பு சரியில்லாமல் போய்விடும். கரையிலிருந்து தண்ணீருக்குள் நீண்டிருக்கும் மதகு மேடையில் யார் வேண்டுமானாலும் தூண்டில் போடலாம். இடம் பிடிப்பதுதான் பெரும்பாடு. திறந்த முதல் நாள் தண்ணீர் இழுப்புக்கு மீன் கூட்டமாக வரும். மறுநாள் போனால் கெண்டைக் குஞ்சுதான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பகல் ஷிப்ட். அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு நாள் மட்டம் போட்டிருந்தேன். மூன்றாவது நாளும் போட்டால் வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள். எதிர்வீட்டில் என் கூட்டாளி ஒருவன் இருந்தான். அதே கம்பெனி, ராத்திரி ஷிப்ட். அவன்தான் வழி சொன்னான்.

"நீ போ மாமே. உன் டோக்கன நான் போட்டுட்டு உன் மிஷின்ல நின்னுக்கறேன். ஃபோர்மேனும் லீவு. புச்சா வந்தவனுக்கு நம்ம மூஞ்சி தெரியாது. விரால் மாட்டுச்சின்னா தல எனக்கு."

ராத்திரி முழுக்க வேலை செய்தவன் பகலிலும் நின்றால் தாங்குவானா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்கு எங்கே போயிற்று புத்தி! வருகைக்காக வாசலில் போடும் என் பித்தளை டோக்கனை, இருநூற்றுப் பதினேழாம் நம்பரை, முதல் நாள் சாயந்திரமே அவன் கையில் கொடுத்துவிட்டேன். அவன் தன் மனைவியிடம் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டான். நான் என் மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை. தூண்டிலைக் கரையோரப் புதரில் முன்னாலேயே சொருகி வைத்திருந்தேன். காலையில் வழக்கம்போல் சாப்பாட்டுத் தூக்கோடு கிளம்பினேன்.

மேடையில் உட்கார்ந்தேனே தவிர நிம்மதி கிடையாது. கரைமேல் சைக்கிள் மணி கேட்டால் கம்பெனி ஆளோ என்று பயந்து துண்டை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வேன். பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த ஒருவர், "இன்னா நைனா, புதுப்பொண்ணு மாரி முக்காடு?" என்று கிண்டல் செய்தார். கரையைப் பார்த்துக்கொண்டே புழு கோத்ததில் முள் விரலில் ஏறியது. தூண்டில் நூலில் கட்டிய நெட்டி மிதந்தது மிதந்தபடி கிடந்தது. எனக்குப் பத்தடி தள்ளி இருந்தவன் மட்டும் கெளுத்தியாக எடுத்துக்கொண்டிருந்தான். அவன்மேல் அப்படி ஓர் ஆத்திரம் எனக்கு.

கம்பெனிச் சங்கு காலை ஆறரைக்கு ஊதும், பிறகு பதினொன்றுக்குச் சாப்பாட்டுக்கு ஊதும். அன்று ஒன்பதரை இருக்கும். விட்டு விட்டு மூன்று தடவை ஊதியது. அப்படி ஊதினால் உள்ளே யாருக்கோ அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

முதலில் நான் நினைத்தது என் வேலையைத்தான். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. விசாரணை வரும், ஆள் மாறி நின்றது தெரியும், தொலைந்தேன். அப்புறம்தான் அவன் ஞாபகம் வந்தது. உள்ளே முந்நூறு பேர் இருக்கிறார்கள், அவனுக்கேன் ஆக வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு எழுந்திருக்கப் போனேன். அந்த நேரம் பார்த்து நெட்டி முழுகியது. உட்கார்ந்துவிட்டேன். ஆமாம், உட்கார்ந்தேன். விட்டுப் பிடித்து, இழுத்து, முழங்கை நீள விராலை மேடையில் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

கம்பெனி வாசலுக்கு நேராகப் போக முடியாது. காகிதப்படி நான் உள்ளே இருக்கிறேன். எதிரே இருந்த டீக்கடையின் பின்பக்கம் போய், துண்டைப் போர்த்திக்கொண்டு, யாருக்கு அடி என்று கேட்டேன்.

"பிரெஸ்ஸுல இருநூத்திப் பதினேழாம் நம்பராம். கையி மாட்டிக்கிச்சு. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு பூட்டாங்க" என்றான் கடைக்காரன்.

அது தகடு வெட்டும் மிஷின். தகட்டை வைக்கிற கைக்கும் காலால் மிதிக்கிற மிதிக்கும் ஒரு கண நேரம்தான் இடைவெளி. தூக்கம் சொக்கினவன் அதன் முன்னால் நிற்கவே கூடாது. பிறகு இன்னொன்று உறைத்தது. என் நம்பர் என்றால், தகவல் என் வீட்டுக்குத்தானே போயிருக்கும்? ஓடினேன்.

லைன் வீட்டு முற்றத்தில் கூட்டம். என் மனைவி தலைவிரிகோலமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தோளோடு சேர்த்து அணைத்துப் பிடித்திருந்தது யார் தெரியுமா? கூட்டாளியின் மனைவி. சொம்பிலிருந்து தண்ணீர் புகட்டிக்கொண்டே, "ஒன்னியும் ஆவாது. நான் கீறேன் இல்ல. அழாத" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் என் மனைவி அழுதபடியே சிரித்தாள். அவளுக்கும் மேலாக மகிழ்ந்தவள் கூட்டாளியின் மனைவிதான். "அண்ணாத்தே வந்துட்டாரு பாரு, நல்லாத்தான் கீறாரு" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு என் கையிலிருந்த தூண்டிலைப் பார்த்தாள். நாணலில் கோத்துத் தொங்கிய விராலைப் பார்த்தாள்.

"அப்போ மிஷின்ல நின்னது யாரு அண்ணாத்தே?"

அவள் கையிலிருந்த சொம்பு சாய்ந்து தண்ணீர் கொட்டியது. இப்போது என் மனைவி எழுந்து அவளைப் பிடித்துக்கொண்டாள்.

சாயந்திரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடது கையில் இரண்டு விரல் போயிருந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போயிருந்தேன். கட்டிலருகே போய் நின்றேன். அவனே கண்ணைத் திறந்தான்.

"மீன் மாட்டுச்சா மாமே?"

மாட்டியது என்றேன்.

"எவ்ளோ பெர்சு? இவ்ளோ இருக்குமா?" என்று மேடையில் எல்லாரும் காட்டுவதுபோல் இரண்டு கையையும் அகட்டித் தூக்கினான். இடது கை மணிக்கட்டுவரை ஒரே துணிப்பந்தாக இருந்தது.

"இல்லடா, சின்னதுதான்" என்றேன்.