பின்கேட் வழியாகப் போனவன்

அம்பத்தூர் எஸ்டேட்டில், ராணுவ வண்டிகளுக்கு இரும்புக் கதவு செய்து தரும் கம்பெனி ஒன்றில் நான் காண்ட்ராக்ட் பெயிண்டராக இருந்தேன். என் மனைவியின் அண்ணன் அங்கேயே பெர்மனென்ட் வெல்டர். அவர் பற்றவைத்து அனுப்பும் கதவுக்கு நான் பச்சை அடிப்பேன். இரண்டு பேருக்கும் ஒரே வேலைதானே என்று வெளியில் நினைப்பார்கள். அவருக்குக் கேன்டீனில் மேஜை போட்டுச் சுடச்சுடச் சாப்பாடு. காண்ட்ராக்ட் ஆட்கள் நாங்கள் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்போம். குடியிருப்பது அண்ணனூரில், இரண்டு பேருக்கும் ஒரே தெரு. அவர் கம்பெனி பஸ்ஸில் போவார். நான் ரயிலில் தொங்கிக்கொண்டு போவேன்.

பெயிண்ட் புகையில் எங்களுக்கு எச்சில்கூடப் பச்சையாக வந்தது. மாஸ்க் கேட்டு வாங்கித் தரச் சொல்லி யூனியன் அறைக்குப் போனேன். மச்சான்தான் அங்கே செயலாளர். டீயை உறிஞ்சிக்கொண்டே, "இது பெர்மனென்ட் ஆளுங்க யூனியன் மாப்ள. நீ உன் காண்ட்ராக்டரைப் போய்க் கேளு" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

அடுத்த மழைக்காலத்தில், கம்பெனியைப் பாதிக்குமேல் வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று செய்தி பரவியது. பெர்மனென்ட் ஆட்கள் வேலைநிறுத்தம் அறிவித்து முன்கேட்டில் பந்தல் போட்டார்கள். அன்று சாயங்காலம் மச்சான் என் வீட்டுக்கு வந்தார்.

"தொழிலாளின்னா எல்லாம் ஒண்ணுதான் மாப்ள. நாளைக்கு நீங்களும் வந்து எங்ககூட குந்தணும்."

"எங்க குந்தறது மச்சான்? சைக்கிள் ஸ்டாண்டுலயா?"

அவர் முகம் கறுத்துவிட்டது. என் மனைவி கொண்டுவந்த காபியைத் தொடாமல் எழுந்து போனார்.

மறுநாள் காலையில் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் வேனோடு வந்து நின்றான். "எல்லையில ஜவான் காத்துகினு கீறான் அண்ணாத்தே. இது நாட்டு வேலை" என்றான். நாங்கள் மாஸ்க் கேட்டபோது இந்த நாடு எங்கே போயிருந்ததோ தெரியவில்லை. இருந்தாலும் ஏறினேன். மச்சான் மேலிருந்த ஆத்திரம்தான் என்னை ஏற்றியது.

வேன் பின்கேட்டுக்குப் போனது. அங்கேயும் வேலைநிறுத்த ஆட்கள் நின்றிருந்தார்கள். வேன் கதவை இழுத்துத் திறந்தது மச்சான்தான். என் சட்டையைப் பிடித்துச் சேற்றில் இறக்கினார்.

"கருங்காலி! என் தங்கச்சியக் கட்டிகினு என் வயித்துலயே அடிக்கிறியா?"

கையைத் தட்டிவிட்டு உள்ளே நடந்தேன். முதுகில் ஒரு செருப்பு வந்து விழுந்தது. யார் எறிந்தது என்று திரும்பிப் பார்க்கவில்லை.

பேச்சுவார்த்தையில் நிர்வாகம் இறங்கி வந்தது. கம்பெனி எங்கும் போகவில்லை. பெர்மனென்ட் ஆட்கள் மாலையும் கழுத்துமாக உள்ளே வந்தார்கள். பின்கேட் வழியாக வந்தவர்கள் வெளியே போக வேண்டும் என்பது அவர்கள் வைத்த நிபந்தனைகளில் ஒன்று. நாட்டைப் பற்றிப் பேசிய அதே சூப்பர்வைசர் என் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டு, "ஃபோன் பண்றேன்" என்றான். பண்ணவில்லை. இப்போது கொரட்டூரில் ஒரு பட்டறையில் பீரோவுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன்.

போன தையில் மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். நான் போய்க் கூப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மனைவி தனியாகப் போய் அழைத்துவிட்டு வந்தாள்.

மச்சான் வந்தார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். அவள் வீரிட்டு அழுதபோது அவர் கண்ணிலும் நீர் கோத்தது. என் பக்கம் மட்டும் பார்க்கவே இல்லை. மனைவி அவருக்கு இலை போட்டாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

"புள்ளைக்காக வந்தேன். கருங்காலி ஊட்டுல கை நனைக்க மாட்டேன்."

"அப்ப கெளம்பு. வாசல அடச்சிகினு நிக்காத" என்றேன்.

மனைவி அந்த இலையை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு தேவைக்கு மேல் அவள் என்னோடு பேசுவதில்லை. மச்சானும் நானும் தெருவில் எதிரெதிரே வந்தால் இரண்டு பேரும் ஒதுங்குவதில்லை. தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் கடக்கிறோம்.