லேப்டாப்புக்குச் சந்தனம்

எட்டு வருடமாக எனக்குச் சோறு போட்ட லேப்டாப், திறந்த பத்தாவது நிமிடமே அடுப்பாகக் கொதித்துத் திணற ஆரம்பித்தது. மொழிபெயர்ப்பு வேலை அப்படியே நின்றது. வீட்டில்தான் ஒரு நிபுணர் இருக்கிறாரே, என் கணவர்! "பழச தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கு லா" என்றார். பாஸ்வேர்ட் மாற்றக்கூட என்னைக் கூப்பிடும் நிபுணர்.

சுபாங் ஜெயாவில் கம்ப்யூட்டர் கடைக்காரன் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "மெமரி கூட்டினாலும் வேஸ்ட் லா ஆன்டி, புது மாடல் பாருங்க." ஆன்டியாம்! அவனுக்கே தலை பாதி நரைத்திருந்தது.

கடைசியில் பிரிக்பீல்ட்ஸில் பழுது பார்க்கும் ஒருவர்தான் அதைக் கழற்றினார். "என்ன அக்கா இது?" என்று காட்டினார். காற்று போகும் துளைகளிலும் உள்ளே ஃபேனிலும் சந்தனமும் குங்குமமும் காய்ந்து அடைத்திருந்தன. சரஸ்வதி பூஜை தவறாமல் என் கணவர் அப்பிவிட்டவை. சுரண்டித் துடைத்து மாட்டியதும் லேப்டாப் சத்தமில்லாமல் ஓடியது. மெமரியும் வேண்டியிருக்கவில்லை, புதுசும் வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததை அவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். லேப்டாப்பைப் பெருமையாகத் தட்டிக்கொடுத்தார்.

"பாத்தியா, இத்தன வருஷம் தாங்குனதே நான் போட்ட பூஜையாலதான்."