துடைப்பத்துக்குப் பின்னால் ஒருவர்

பார்சல் அலுவலகத்தில் பெட்டி கட்டும் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், ஐம்பத்திரண்டு வயதில் மலைப்பாதையில் ஐம்பது கிலோமீட்டர் ஓடுகிறார் என்றால் யாரும் நம்புவதில்லை. நம்பாமல் இருப்பதுதான் நியாயம். நான்கு வருடமாக அவர் ஓடியதைவிட நடந்ததுதான் அதிகம். ஒன்பது மணி நேரத்துக்குள் வந்தால் பதக்கம். நான்கு முறையும் பத்து, பதினைந்து நிமிடத்தில் கோட்டை விட்டார்.

இந்த வருடம் அவர் மனைவி கறாராகச் சொல்லிவிட்டார்.

"இந்தத் தடவையும் நேரத்துக்குள்ள வரலைன்னா அந்த ஷூவ யாருக்காவது குடுத்துடுவேன். முட்டி வீங்கி நீங்க முனகுறதக் கேக்க எனக்குத் தெம்பில்ல."

அவரும் தலையாட்டினார். நேரம் குறிப்பவரும் அந்த அம்மாதான். முப்பத்தொரு பேர் ஓடும் பந்தயத்தில் வீட்டுக்கு ஒருவர் வேலை பார்த்தால்தான் கதை நடக்கும். தண்ணீர் ஊற்றுவது நான்.

கடைசி ஆளுக்குப் பின்னாலேயே நடந்து, வழிகாட்ட மரங்களில் கட்டிய சிவப்பு ரிப்பன்களை எடுத்துக்கொண்டு வருபவருக்கு எங்கள் பந்தயத்தில் 'துடைப்பம்' என்று பெயர். துடைப்பம் வந்துவிட்டால் பந்தயம் முடிந்தது. இந்த வருடத் துடைப்பம் அந்த அம்மாவின் தம்பி. கடமை வீரர்.

முப்பதாவது கிலோமீட்டரில், எல்லோருக்கும் கடைசியாக வந்துகொண்டிருந்த நம்மவருக்கு அவசரம் வந்தது. கூச்ச சுபாவம் வேறு. ஆளே இல்லாத காட்டிலும் நூறடி தள்ளி, பாறைக்குப் பின்னால் போய்த்தான் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துத் துடைப்பம் தாண்டிப் போய்விட்டது. முன்னால் மாமாவைக் காணோம். மாமா இந்த வருடம் பின்னி எடுக்கிறார் என்று தம்பி பூரித்துப்போனார். அவரைப் பிடிக்க வேகத்தைக் கூட்டினார், ஒரு ரிப்பனையும் விட்டுவைக்காமல்.

பாறைக்குப் பின்னாலிருந்து வந்தவருக்கு வழி எது என்றே தெரியவில்லை. நல்லவேளை, ரிப்பன் கட்டியது அவரேதான். பார்சலுக்குப் போடும் முடிச்சு. அவிழ்க்க முடியாமல் மச்சான் கத்தரியால் வெட்டியிருந்தார். கிளைகளில் மிச்சமிருந்த முடிச்சுகளைத் தேடித் தேடி நடந்தார்.

துடைப்பம் இரண்டரை மணிக்கே வந்து சேர்ந்தது.

"மாமா எப்பக்கா வந்தாரு?"

"அவரு உன் முன்னாடிதானேடா வரணும்?"

"எனக்குப் பின்னாடி யாருமே இல்லக்கா. நடுவுல விட்டுட்டு பஸ் ஏறியிருப்பாரு."

விதிப்படி பந்தயம் முடிந்தது. முடிவுக் கோடாக விரித்திருந்த வெள்ளைத் துணியை நான்தான் சுருட்டி வண்டியில் போட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அந்த அம்மா மட்டும் கடிகாரத்தோடு நாற்காலியை விட்டு அசையவில்லை.

"சண்டையக்கூட நடுவுல விட்டுட்டுப் போற ஆளில்ல அவரு," என்றார்.

மூன்று மணியோடு ஒன்பது மணி நேரம் முடிகிறது. இரண்டு நிமிடம் இருக்கும்போது நொண்டிக்கொண்டே வந்தவர், மைதானத்தில் நின்றுவிட்டார்.

"கோடு எங்கங்க?" என்று என்னைக் கேட்டார்.

சட்டம் பேசும் மனிதர். கோடு இல்லாமல் எப்படி முடிப்பார்? நான் வண்டிக்கு ஓடினேன். துணி எல்லாச் சாமானுக்கும் அடியில் கிடந்தது.

அந்த அம்மா இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். ஷூ ஒழியும், முட்டி பிழைக்கும். ஆனால் எழுந்து போனார். கணவரின் காலுக்கு முன்னால் செருப்பால் மண்ணில் ஒரு கோடு கிழித்தார்.

"இதுதான் கோடு. தாண்டித் தொலைங்க."