ஜெரால்டின் பக்கம்

அந்த அறிவிப்பைச் சுபிதா இரண்டு முறை படித்தாள். சுனாமியில் காணாமல் போனவர்களைத் தேடுவதற்காகச் சென்னையில் ஒருவர் நடத்திவந்த இணையதளம், இந்த மாதக் கடைசியோடு மூடப்படுகிறதாம். அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

அந்தமானின் போர்ட் பிளேரில் சாத்தம் போகும் சாலையில் ஜெகநாதன் வைத்திருந்த பிரவுசிங் சென்டரில் அவள் வேலை பார்த்தாள். அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மீன்பிடிக்க வந்தவர். அவர் இறந்தபின் மரைன் ஹில்லில் வாடகை வீட்டில் அவளும் அம்மா ரோசலினும் தம்பி ஜெரால்டும் இருந்தார்கள். கொத்தனார் வேலைக்குக் கார் நிக்கோபார் தீவுக்குப் போன ஜெரால்ட், அலை வந்த அந்தக் காலைக்குப் பிறகு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

தளத்தில் அவனுக்கென்று ஒரு பக்கம் இருந்தது. போட்டோவோடு சுபிதாதான் அதைப் போட்டிருந்தாள். அதன் கீழே முன்பின் தெரியாத ஒருவர், மேட்டுக் காட்டில் காலில் அடிபட்ட இப்படியொரு பையனைப் பார்த்ததாக இந்தியில் எழுதியிருந்தார். அப்புறம் அவரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. ஐந்து வருடமாக, ஞாயிறு பூசை முடிந்து ரோசலின் நேரே சென்டருக்கு வந்து அதை வாசிக்கச் சொல்வாள்.

"அந்த ஒரு பக்கத்த பிரிண்ட் எடுத்துக்கோ, பஸ், அவ்வளவுதான்" என்றார் ஜெகநாதன்.

எடுத்தாள். ஆனால் பயம் போகவில்லை. வேறு யாருடைய பக்கத்திலாவது, யாராவது ஜெரால்டைப் பற்றி எழுதியிருந்தால்? ஆயிரக்கணக்கான பக்கங்கள். அத்தனையையும் அவள் எப்போது படிப்பது?

தேடியதில் எச்டிடிராக் என்ற மென்பொருள் கிடைத்தது. இலவசம். அதன் நிரலைக்கூட யாரும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம். ஒரு தளத்தின் முகவரியைக் கொடுத்தால் இணைப்பு இணைப்பாகப் பிடித்துப் போய், எல்லாப் பக்கங்களையும் நம் கணினியில் இறக்கி வைத்துவிடும். தீவின் நெட் ஆமை வேகம், நாளோ குறைவு. ஒரே சமயத்தில் எத்தனை பக்கம் எடுக்கலாம் என்ற இடத்தில் இருந்ததிலேயே பெரிய எண்ணைப் போட்டு ஓடவிட்டாள்.

மதியத்துக்குள் எல்லாம் நின்றுபோனது. தளத்தைத் திறந்தால் பிழைச் செய்தி மட்டும் வந்தது. பக்கத்துக் கணினியிலும் அதேதான். மூடுவதற்கு முன்பே தானே அழித்துவிட்டாளா? தன் தம்பியை மட்டுமா, ஊர் ஊராக எத்தனை பேரை?

பிரிண்டின் அடியில் தளக்காரர் பக்தவத்சலத்தின் எண் இருந்தது. மூன்றாவது முறையில்தான் சரியாக அழுத்த முடிந்தது.

"சார், போர்ட் பிளேர்லருந்து பேசுதேன். உங்க சைட்டு..."

"அது நீங்கதானா? இத்தன கனெக்‌ஷன ஒண்ணா விட்டா சின்ன சர்வர் தாங்குமாம்மா? யாரோ அட்டாக் பண்றாங்கன்னு நெனச்சுட்டேன்!"

"எல்லாம் அழிஞ்சிட்டா சார்?"

அந்தக் குரலைக் கேட்டு அவர் தணிந்தார். "அழியல. சர்வர் படுத்துடுச்சு, எழுப்பிட்டேன். உங்க சென்டரத்தான் பிளாக் பண்ணி வச்சிருக்கேன். எதுக்கும்மா இதெல்லாம்?"

சொன்னாள்.

"டேட்டாபேஸ நான் அனுப்பலாம், ஆனா உங்களால பக்கமா தெறந்து பாக்க முடியாது. நீங்க செய்யறதுதான் சரி. ஒரே கனெக்‌ஷன் வைங்க. பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் இடைவெளி விடுங்க. நான் தெறந்து விடறேன்."

பிறகு வந்த நாட்களில் அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். லைன் அறுந்தது, கரண்ட் போனது. விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கும் என்று தெரிந்திருந்தும் ஒவ்வொரு முறையும் எத்தனை பக்கம் வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாள். "அரே சுபிதா, நெட் பில்குல் ஸ்லோ, கஸ்டமர் கத்துறான்" என்று சலித்துக்கொண்ட ஜெகநாதன், நிறுத்து என்று மட்டும் சொல்லவில்லை.

தளம் மூடுவதற்கு முந்தைய நாள், இறக்கும் வேலை முடிந்தது. சிலருடைய படங்கள் வரவில்லை. முகமிருந்த இடத்தில் வெறும் கட்டம். ஜெரால்டின் முகம் வந்திருந்தது. மொத்தப் பக்கங்களிலும் அவன் பெயரைத் தேடக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அவள் போட்ட பக்கத்தைத் தவிர வேறெங்கும் இல்லை.

ரோசலினைக் கூட்டிவந்து காட்டினாள்.

"ஏட்டி, அவன் இதப் பாத்தாம்னா இதுலயே பதில் எழுதுவாம்லா?"

"இல்லம்மா. இது நம்ம கம்ப்யூட்டர்ல மட்டுந்தான் இருக்கு. இதுல யாரும் எழுத முடியாது."

"அப்பம் அவன் எங்க வந்து நம்மளத் தேடுவான்?"

சுபிதா மறுபடி சென்னைக்குப் போன் போட்டாள். பக்தவத்சலம் யோசித்துவிட்டு, பழைய முகவரியை விடாமல் அதில் ஒரே ஒரு பக்கம் வைப்பதாகச் சொன்னார். பழைய பக்கங்களின் நகல் போர்ட் பிளேரில் இருக்கிறது என்று எழுதி, கீழே சுபிதாவின் செல் எண்ணைப் போட்டார்.

முதல் அழைப்பு விசாகப்பட்டினத்திலிருந்து. தெலுங்கும் இந்தியும் கலந்து பேசிய ஒரு பெண் கணவனின் போட்டோ கேட்டாள், தளத்தில் போட்டதைத் தவிர வேறு படமே இல்லையாம். அது கட்டமாகிப் போயிருக்கக்கூடாதே என்று வேண்டியபடி சுபிதா தேடினாள். இருந்தது. உடனே அனுப்பினாள்.

அதன்பின் அவ்வப்போது தெரியாத எண்கள் வருகின்றன. செல் அடித்ததும் ரோசலின் கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்து நிற்பாள். அவனாக இருந்தால் என்ன பேசுவது, அவன் உயிரோடு இல்லை என்று சொல்ல அழைத்தவராக இருந்தால் என்ன செய்வது. இரண்டுக்கும் பயந்துகொண்டே சுபிதா செல்லைக் காதில் வைப்பாள்.