படம் போய்ச் சேர்ந்த வியாழக்கிழமை

அந்த ஆண்டுகளில் நான் நெல்லித்தோப்பில் ஒரு மாடி அறையில் தனியாகக் குடியிருந்தேன். அலுவலகத்தில் என்னோடு சேர்த்து மூன்றே பேர். மற்ற இருவரும் பெரும்பாலும் சென்னையில் இருப்பார்கள். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் அறைக்குத் திரும்பிய நாட்கள் நிறைய உண்டு.

ஊரில் ஒரு ஸ்கேன் மையம் எடுக்கும் படங்களைப் பிரான்சில் இருக்கும் ஒரு டாக்டருக்கு இணையம் வழியாக அனுப்பும் புரோகிராமை நான் எழுதியிருந்தேன். நோயாளியின் விவரங்கள் ஒரு செய்தியாகப் போகும். அந்தச் செய்திக்குள் எழுத்து மட்டுமே இருக்கலாம் என்பதால், படத்தையும் எழுத்துகளாக மாற்றி உள்ளே திணித்திருந்தேன். அப்படி மாற்றினால் படத்தின் அளவு இன்னும் பெருத்துவிடும். சிறிய எக்ஸ்ரேக்கள் எப்படியோ போய்ச் சேர்ந்தன. பெரிய ஸ்கேன் வந்தால் எதிர்முனை சர்வர் அத்தனை எழுத்தையும் படிக்க முடியாமல் பாதியில் நின்றுவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மையத்திலிருந்து டெக்னீஷியன் அக்கா போன் செய்தார்.

"மூணு நாளா அந்தத் தலை ஸ்கேன் போவல. அவரு தெனம் வந்து ஒக்காந்துட்டுப் போறாரு. நீயே வந்து சொல்லு."

போனேன். ஸ்கேன் எடுத்துக்கொண்டவர் அரியாங்குப்பத்துக்காரர். மில் வேலை போனபின் வாட்ச்மேனாக இருந்தார்.

"எம் படம் போயிடுச்சாம்மா?"

"இன்னும் போவலங்க. ரொம்பப் பெருசா இருக்குது."

"எந்தலையில அவ்ளோ பெருசா என்னம்மா இருக்குது?"

பதறிப்போனேன். "ஐயோ, தலையில இல்லங்க. ஃபைல்தான் பெருசு. நான் அனுப்புன வெதம் தப்பு. கூட யாரும் வரலீங்களா?"

"யாரு இருக்கா?" என்றார்.

அலுவலகம் திரும்பியதும் செய்தியிலிருந்து படத்தை வெளியே எடுத்தேன். செய்தியில் 'படம் பின்னால் வருகிறது' என்ற குறிப்பு மட்டும் இருக்கும். படம் எழுத்தாக மாறாமல், உள்ளது உள்ளபடியே இணைப்பாகக் கூடவே போகும். எதிர்முனையையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருந்தது. நான் முகமே பார்த்திராத ஒருவர் அங்கே அதைச் செய்தார். வியாழன் மதியம் அனுப்பினேன். 'வந்தது, திறக்கிறது' என்று ஒரு வரி பதில் வந்தது.

எழுந்து நின்றேன். யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. வீட்டுக்குப் போன் செய்தேன்.

"அம்மா, படம் போயிடுச்சும்மா!"

"எந்தப் படத்துக்குப் போன? யாரு கூட?"

விளக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன். "சும்மாதாம்மா. சாப்ட்டியா?" என்றேன்.

சிறிய கட்டி, எடுத்துவிடலாம் என்று டாக்டர் எழுதியிருந்தார். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வாட்ச்மேன் மறுபடி வேலைக்குப் போகிறார் என்று சில மாதங்கள் கழித்து அக்கா சொன்னார்.

"என்னப் பத்தி எதுனா கேட்டாரா அக்கா?"

"ஒன்ன எதுக்குக் கேக்கப்போறாரு? பிரான்ஸ் டாக்டரு பேரத்தான் கேட்டாரு. பேரப்புள்ளைக்கு வெக்கணுமாம்."

யாரும் இல்லை என்றவருக்குப் பேரப்பிள்ளை இருந்ததா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அக்காவை அடுத்த நோயாளி கூப்பிட்டுவிட்டார்.