தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிய தவராசா

தவராசா போய்விட்டார்.

நேற்று காலை பத்தரை மணி. மாரடைப்பு. தாலுகா ஆபீஸ் வாசலில், புங்கமரத்தடியில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு மனு எழுதித் தருவாரே... அவர்தான். இதைப் படிக்கிற பல பேர் வீட்டு ரேஷன் கார்டு அவர் கையெழுத்தில் கேட்டு வாங்கியது.

கமெண்டில் ஆர்.ஐ.பி. என்று மூன்று எழுத்தைத் தட்டிவிட்டுப் போகிறவர்கள் தயவுசெய்து வேண்டாம். அழித்துவிடுவேன்.

நான் ஏழாவதோடு நின்றவன். தறியில் உட்கார்ந்தபடி பழைய பேப்பர் படித்துப் படித்து எழுதக் கற்றவன். நாற்பது வருஷமாக மனு போடுகிறேன். ஒன்றுக்கும் ஒழுங்கான பதில் வந்ததில்லை. அது என் தப்பு என்று இன்றும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தவராசா எழுதினால் பதில் வரும். அதுதான் எனக்கு எரிச்சல். இலங்கையிலிருந்து படகில் வந்த ஆள், நம்ம ஊர் ஆபீஸில் நமக்கு எழுதித் தருவதா...

ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். திருப்புட்குழியிலிருந்து ஒரு விவசாயி வந்திருந்தார். பட்டா வேண்டும், வயலுக்குப் பாதை வேண்டும், முதியோர் பென்ஷன் வேண்டும்.

"இதில எது அவசரம்? ஒண்டு சொல்லுங்கோ."

"இன்னாபா நீ, மூணும்தான் வேணும்."

"மூண்டும் வேணுமெண்டால் மூண்டு கடதாசி. ஒண்டில எழுதினா, எதைச் செய்யாமல் விடலாமெண்டுதான் அவையள் பாப்பினம்."

விவசாயி சிரித்தார். பிறகு யோசிக்க ஆரம்பித்தார். கால் மணி நேரம். தவராசா பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

எங்கள் தெருச் சாக்கடைக்காக நான் எழுதியிருந்த நாலு பக்கத்தை அவரிடம் காட்டினேன். திருத்துவதற்கு இல்லை... சும்மா பார்க்கட்டும் என்று.

"அண்ணை, தமிழ் வலு திறம். சாக்கடை எங்க வருது?"

மூன்றாம் பக்கத்தில் வந்தது.

என் வீட்டுக்காரி எனக்குத் தெரியாமல் அவரிடம் போய் மூன்று வரி எழுதி வாங்கித் தன் பேரில் கொடுத்தாள். ஒன்றரை மாதத்தில் சாக்கடைக்கு மூடி போட்டார்கள். "உங்க நாலு பக்கத்த வச்சே மூடியிருக்கலாம்" என்றாள். இரண்டு பேரிடமும் இரண்டு மாதம் பேசவில்லை.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

தவராசா, அவர் மனைவி, மகள் மூன்று பேருக்கும் அகதிகள் முகாமில்தான் பதிவு. இங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். பிழைப்பு இங்கே என்பதால் செவிலிமேட்டில் ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். செக்கிங் நாளில் முகாமுக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவார். எல்லாருக்கும் தெரியும். யாரும் எழுத்தில் சொன்னதில்லை.

நான் சொன்னேன்.

ஊருக்கெல்லாம் எழுதுகிறவருக்காக ஒருத்தனும் எழுதவில்லையே என்று, அவரைக் கேட்காமலே, ஒரு திங்கட்கிழமை கலெக்டரிடம் மனு கொடுத்தேன். இவருக்குக் குடியுரிமை வேண்டும் என்று. நம்ம ஊர்க்காரர்தான் என்பதற்கு ஆதாரம் வேண்டாமா? பல வருஷமாகச் செவிலிமேட்டிலேயே குடியிருக்கிறார் என்று எழுதி, கதவு நம்பரும் போட்டேன்.

என் வாழ்நாளில் அந்த ஒரு மனுவுக்குத்தான் உடனே நடவடிக்கை எடுத்தார்கள்.

முகாமில் தங்காதவர் என்று அவர் பேரை அடித்துவிட்டார்கள். அந்தப் பதிவுதான் அவருக்கு இந்த நாட்டில் நிற்கக் கால். அது போனால், சட்டவிரோதமாக இருக்கிறவர் என்று எந்த நேரமும் பிடித்துக்கொண்டு போகலாம்.

புங்கமரத்தடிக்குப் போனேன்.

"நான்தாம்பா எழுதினேன்."

"தெரியும் அண்ணை. ஆபீசில காட்டினவை. உங்கட எழுத்து எனக்குத் தெரியாதோ?"

"திட்டிடுபா. இன்னா வேணாலும் சொல்லு, கேட்டுக்கினு போறேன்."

பேனாவை மூடி வைத்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஒரு வரிதான் அண்ணை கூடிப்போச்சு."

அதற்குள் யாரோ ஒரு அம்மா மனுவுக்கு வந்து நின்றார். "வாங்கோ அம்மா. என்ன வேணும்? ஒண்டு சொல்லுங்கோ."

பதினோரு மாதம். எந்த அரசாங்கம் அவர் பேரை அடித்ததோ, அதே அரசாங்கத்தின் வாசலில் உட்கார்ந்து, உதவித்தொகை, வாரிசு சான்று, பட்டா என்று மற்றவர்களுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஜீப் வந்து நின்றால் போதும், ஆளைக் கொண்டுபோய்விடலாம். ஜீப்புகள் தினமும் வந்தன. இவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். ஒருநாள் கூட ஸ்டூல் காலியாக இல்லை.

நான் யாரையும் லேசில் மன்னித்த ஆள் இல்லை. என் பங்காளியோடு பேசி இருபத்திரண்டு வருஷம். இந்த மனுஷன் எதனால் செய்யப்பட்டவர் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை...

பன்னிரண்டாம் மாதம் பேரைத் திரும்பச் சேர்த்தார்கள். எனக்குப் போன் செய்தார். "அண்ணை, ஏறிட்டுது." வைத்துவிட்டார்.

நேற்று ஆஸ்பத்திரியில் இறப்புப் படிவத்தை என்னிடம் கொடுத்தார்கள். நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம். செவிலிமேடு, காஞ்சிபுரம் என்று எழுதத்தான் கை போனது. எவன் கேட்கிறான் பார்த்துவிடலாம் என்றுதான் இருந்தது.

எழுதவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியிடம் போனேன். "இன்னாம்மா எழுதட்டும்?"

"முகாமெண்டே எழுதுங்கோ அண்ணை. எனக்கும் பிள்ளைக்கும் பதிவு அங்கதானே."

முகாம் என்றே எழுதினேன்.

இன்று மூன்று மணிக்கு எடுக்கிறார்கள், அங்கேதான். பன்னிரண்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டிலிருந்து வேன் கிளம்பும். ஏனாத்தூர் பக்கத்து ஆட்கள் முன்னாலேயே வந்துவிடுங்கள்.

போயிட்டு வாங்கோ, தவராசா.