ரிஜிஸ்டர் அக்காவின் ஒன்பது ஆப்சென்ட்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவளுக்கு ரிஜிஸ்டர் அக்கா என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. இருநூற்றுப் பத்துப் பேரின் வருகைப் பதிவேடு இருபத்திரண்டு வருடமாக அவள் மேசையில். எட்டு மணிக்கு மேல் வந்தால் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் 'லேட்' விழும். பக்கத்தில் காரணத்தை வந்தவரே எழுத வேண்டும். அவளிடம் யார் பருப்பும் வேகாது. "நாளைக்குச் சேத்து வேலை பாத்துடறேன்க்கா, இன்னிக்குப் போடாதீங்க" என்று குழைபவர்களுக்கு ஒரே பதில்தான்: "போன நாள் போனதுதான். நாளைக்கு நீ ரெண்டு ஆளா வருவியா?"

அப்படிப்பட்டவள் நாற்பத்தாறு வயதில் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருந்தாள். போன வருடமும் கொடுத்தாள். முப்பத்தோராவது கிலோமீட்டரில் கால் மாட்டேன் என்றுவிட்டது. பின்தங்கியவர்களை அள்ளிப்போட்டு வரும் வேனில் ஏற்றிவிட்டார்கள். ஜன்னலோரம் வாழைப்பழத்தை உரித்தபடி வந்து இறங்கிய அவமானம் வருடம் முழுக்க ஆறவில்லை. இந்த முறை கடைசிக் கோட்டைத் தன் காலால் தாண்ட வேண்டும். ஏழு மணி நேரம் தருவார்கள். அவளுக்கு அது போதும்.

பயிற்சிக்கும் ஒரு பதிவேடு போட்டு சமையலறைக் கதவில் ஒட்டினாள். ஓடிய நாளுக்கு நீல டிக். பதினான்கு வாரம் ஒரு கட்டம்கூடத் தவறவில்லை. பதினைந்தாம் வாரம் காய்ச்சல். அது விட்ட கையோடு கணவர் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கையில் கதவில் ஒன்பது சிவப்பு 'ஆப்சென்ட்'.

ஊருக்குத்தான் உபதேசம். ஒன்பதையும் மிச்ச நாட்களுக்குப் பங்கு போட்டாள். காலையில் ஒரு ஓட்டம், மாலையில் ஒரு ஓட்டம்.

"இதுக்கு உடம்பு கேக்குமா?" என்றார் கணவர், கட்டுப்போட்ட கையோடு.

"கேக்க வைக்கணும்."

உடம்பு கேட்கவில்லை. மூன்றாம் நாள் மாலை இடது கெண்டைக்கால் சுருக்கென்று பிடித்துக்கொண்டது.

மறுநாள் நொண்டிக்கொண்டு மேசைக்கு வந்தவளை முதலில் பார்த்தவன் லீவு மன்னன். லாரியில் பெட்டி ஏற்றுபவன். மாதத்துக்கு நான்கு முறையாவது லீவு லெட்டரோடு வந்து நிற்பான். அவளிடம் அதிகம் திட்டு வாங்கியவனும் அவன்தான்.

"காலுக்கு என்னக்கா ஆச்சு?"

கேட்டதுதான் தாமதம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அழுகை வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அவன் தலையைச் சொறிந்தான்.

"தப்பா நெனைக்காதீங்க. போன நாள் போனதுதான்னு பன்னெண்டு வருஷமா எனக்குச் சொல்றீங்க. நீங்க மட்டும் எப்படிக்கா ரெண்டு ஆளா ஓடுவீங்க?"

அவளுக்குக் கோபம் வந்தது. பதிவேட்டைப் படாரென்று மூடினாள்.

"இத்தன லீவு எடுத்தும் எனக்குப் பெட்டி தூக்கறது மறந்தா போச்சு? பதினாலு வாரம் ஓடின கால் மறக்காதுக்கா. ஒரு லீவு லெட்டர எழுதிக் குடுத்துட்டுப் பேசாம படுங்க."

லீவு விஷயத்தில் அவனைவிட அனுபவசாலிக்கு எங்கே போவது? வீட்டுக்கு வந்து எழுதினாள்: 'காய்ச்சலாலும் கணவரின் கையாலும் ஒன்பது நாள் ஓட இயலவில்லை. அனுமதிக்க வேண்டுகிறேன்.' தானே கையெழுத்துப் போட்டாள், தானே அனுமதித்தாள். அப்பாடா என்று இருந்தது. ஒரு வாரம் வேலை விட்டு வந்ததும் காலை நீட்டிக்கொண்டு கிடந்தாள். பிறகு இரண்டு நாள் தெருமுனைவரை மெல்ல ஓடிப் பார்த்தாள். வலி இல்லை.

போட்டியன்று ஓடினாள், நடந்தாள், மறுபடி ஓடினாள். முப்பத்தோராவது கிலோமீட்டரில் வேன் பின்னால் உறுமிக்கொண்டு வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறு மணி நேரம் ஐம்பத்திரண்டு நிமிடத்தில் கோட்டைத் தாண்டினாள். கணவர் நல்ல கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அவளால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. வீட்டு மாடிப்படியில் பின்பக்கமாகத் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்கவே பத்து நிமிடம் ஆனது. தொழிற்சாலைக்குள் நுழையும்போது எட்டு இருபது. இருபத்திரண்டு வருடத்தில் இதுதான் முதல் முறை. பதிவேட்டைத் திறந்து தன் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் 'லேட்' போட்டாள். அதிசயமாக அன்றைக்கு நேரத்தோடு வந்திருந்த லீவு மன்னன் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றான்.

"காரணம் எழுதணும்லக்கா."

"எழுதறேன்டா."

நாற்பத்திரண்டு கிலோமீட்டர் என்று எழுதினாள்.